மண்ணின் பிடி

சொன்னால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை நில அதிர்வில் மலைச்சாலை அடைபட்டது. மண்ணை அள்ள என்னைப் பொக்லைனோடு, ஒரு மேஸ்திரியையும் நாலு ஆட்களையும் சேர்த்து அனுப்பினார்கள். சாலையை அகலப்படுத்துகிறேன் பேர்வழி என்று அங்கே மலையைச் செங்குத்தாக வெட்டி, மரங்களையும் சாய்த்திருந்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்துகொண்டே இருந்தது. போன வருடமும் இதே வளைவுதான் சரிந்தது. கொட்டகையோடு புதைந்த வேலையாட்களை எடுக்காமலேயே மேலே தாரை ஊற்றிவிட்டார்கள், பாவிகள்.

எனக்குத் துணையாக வந்தவன் என் மனைவியின் தம்பி. நெடுநெடுவென்று ஒல்லியாக இருப்பதால் எல்லோருக்கும் அவன் ஒட்டடைக்குச்சி. நான் மண் அள்ளும்போது சரிவையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், ஒரு கல் உருண்டாலும் விசில் அடிக்க வேண்டும். அதுதான் அவன் வேலை.

“மாமா, இந்த இடமே சரியில்ல. என்னமோ அழுகின நாத்தம் அடிக்குது.”

“நீ குளிச்சு எத்தனை நாளாச்சு? போய் நில்லுடா.”

சிரித்துக்கொண்டே போனான்.

விசில் கேட்டது, ஒரே ஒரு தடவை. அதற்குள் மறுபடி தரை குலுங்கி, மலை அவன் மேல் விழுந்தது.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. ஆள் புதைந்தால் எல்லா இன்ஜினையும் நிறுத்திவிட்டு, கடப்பாரையால் பாறையில் மூன்று தடவை தட்டுவோம். உள்ளே உயிர் இருந்தால் திருப்பித் தட்டும். சத்தம் வரும் பக்கம் தோண்டுவோம்.

தட்டினேன்.

இடப்பக்கமிருந்து பதில் வந்தது.

“அங்கதான் இருக்கான்!” என்று கத்திக்கொண்டு வண்டியில் ஏறினேன். வெறிபிடித்தவன் மாதிரி தோண்டினேன். மண் தீர்ந்து தார் வந்தது. இன்ஜினை நிறுத்திக் கேட்டால், தட்டல் தாருக்கும் கீழிருந்து வந்தது. இன்று புதைந்தவன் தாருக்கு மேலல்லவா இருக்க வேண்டும்? அந்த நேரத்தில் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. தாரையும் பெயர்த்தேன்.

மறுபடி இன்ஜினை நிறுத்திக் காது கொடுத்தேன்.

இப்போது பல கைகள் ஒன்றாகத் தட்டின.

“மாமா…”

குரல் வலப்பக்கமிருந்து வந்தது.

ஓடிப்போய் வெறுங்கையால் பறித்தேன். நகங்கள் பிய்ந்தன. அவன் தலை தெரிந்தது, பிறகு தோள், மார்பு. வாயிலிருந்த மண்ணைத் துப்பினான். கையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை.

“கால் கல்லுல மாட்டியிருக்காடா?”

“கல்லு இல்ல மாமா. புடிச்சிருக்காங்க.”

“யாரு?”

“கீழ… நெறைய பேரு.”

மேஸ்திரி அவன் அக்குளில் கயிற்றைக் கட்டினார். எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். கொஞ்சம் வந்தான். அடுத்த நொடி, வெடுக்கென்று கழுத்துவரை உள்ளே போனான். மண்ணுக்குள் எலும்பு முறிந்த சத்தம் வெளியே கேட்டது. அவன் அலறிய அலறல் என் எதிரிக்கும் வரக்கூடாது.

மேலே மலை வாய் பிளந்துகொண்டிருந்தது.

“விட்டுட்டு ஓடிவாய்யா!” என்றார் மேஸ்திரி.

“போய்யா! என் பொண்டாட்டிக்கு நீயா வந்து பதில் சொல்லுவ?”

கயிற்றைப் பொக்லைன் கையில் மாட்டித் தூக்கினேன். வேறு வழியே இல்லை. சதை கிழிந்தது. ரத்தம் என் வண்டிக் கண்ணாடியில் வந்து அடித்தது. அவன் வெளியே வந்தான். முழங்காலுக்குக் கீழே வலது கால் வரவில்லை. தொடை முழுக்க விரல்கள் அழுந்திய நீலத் தடங்கள் இருந்தன. அவனை அள்ளிப் போட்டுக்கொண்டு நாங்கள் வளைவைத் தாண்டியதும் மொத்த மலையும் இறங்கிவிட்டது.

பிழைத்துக்கொண்டான். இப்போது ஆஸ்பத்திரியில், அவன் கட்டில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

“மாமா, இன்னும் விடல,” என்கிறான்.

இல்லாத கால் வலிப்பது சகஜம் என்கிறார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார். கட்டிலின் சக்கரங்களைப் பூட்டித்தான் வைத்திருக்கிறோம். ஆனாலும் கட்டில் சுவரைவிட்டு நகர்கிறது. கால் இல்லாத இடத்தில் போர்வை விறைத்து, கீழ்ப்பக்கமாக இழுபடுகிறது.

“நீங்க வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் தூங்குங்க. தம்பிய நான் பாத்துக்கறேன்,” என்கிறாள் மனைவி.

எப்படிப் போவது? நான் அவன் கையை விட்டால்தானே!

நேற்றுவரை ஒரு கையால் பிடித்திருந்தேன். இன்று இரண்டு கையும் போதவில்லை.