சூடு ஆறாத துவக்கு

மார்கழிக் குளிரில், பாரிஸுக்கு வெளியே ஆர்ஜொந்தெய் ஊரில் வீடொன்றின் நிலவறை அலுமாரியிலிருந்து கனகசுந்தரம் அந்தப் பழைய பம்ப் துவக்கை எடுத்தபோது அதன் இரும்பு விரலைச் சுட்டெடுக்கும் குளிராக இருந்தது. ஆனால் குழாயின் கீழே முன்னும் பின்னும் இழுக்கிற மரப்பிடி மட்டும், யாரோ இவ்வளவு நேரமும் பிடித்திருந்துவிட்டு இப்போதுதான் கையை எடுத்ததுபோல, இளஞ்சூடாக இருந்தது. செத்துப்போன வேட்டைக்காரப் புருசனின் துவக்கை விற்ற பிரெஞ்சு விதவையின் கைச்சூடாக்கும் என்று நினைத்தார். திரும்பி வரும் ரயிலில்தான் உறைத்தது: அவள் அதைத் தொடவேயில்லை. அலுமாரியைக் காட்டிவிட்டுப் படியிலேயே நின்றுவிட்டாள்.

பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் தையல் இயந்திரம் திருத்துகிறவர் அவர். நல்ல பொறி எதைக் கண்டாலும் கை துருதுருக்கும்.

"ஊரிலை சண்டைக்குள்ளை பாத்த துவக்கு காணாதே உங்களுக்கு?" என்றாள் மனைவி வள்ளிநாயகி.

"இது சுடாதப்பா. குழாயை அடைச்சுப் பத்திரமும் தந்திருக்கினம். நூறு வருசத்துக்கு மேலை பழசு. வேலைப்பாட்டைப் பாரும்."

அவள் பார்க்கவில்லை. அவர் மட்டும் இரண்டு கிழமையாக, வேலை முடிந்து வந்து மெல்லிய துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தார். யாரோ ஆயுள் முழுக்கத் தூக்கித் திரிந்ததில் இரும்பின் நீலப் பூச்சு தேய்ந்து வெள்ளியாய் மினுங்கியது. பிடியைப் பின்னுக்கு இழுத்தால் சரக். முன்னுக்குத் தள்ளினால் சக். அந்தச் சத்தத்துக்காகவே திரும்பத் திரும்ப இழுத்தார். ஒவ்வொரு நாளும் அந்த மரம் முந்தைய நாளைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுட்டதை மனைவிக்குச் சொல்லவில்லை.

ஞாயிறு மத்தியானம் வள்ளிநாயகி சார்செலில் இருக்கும் தங்கை அற்புதமலரிடம் போயிருந்தாள். வெளியே மழை. நாலு மணிக்கே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. குசினியில் அவர் தேத்தண்ணிக்குக் கேத்தல் வைத்தபோது, ஜன்னலுக்கு நேரே மேம்பாலத்தில் மெத்ரோ தடதடத்துப் போய், கண்ணாடிகளின் நடுக்கம் அடங்கி, வீடு முழுக்க ஈர மௌனம் வந்து உட்கார்ந்த அந்த நொடியில் உள்ளறையில் கேட்டது.

சரக்.

அவர் காத்திருந்தார். சக் வரவில்லை.

உள்ளே போனார். துவக்கு சுவர்க் கொளுக்கியிலேயே கிடந்தது. பிடி பின்னுக்கு இழுபட்டிருந்தது. அறையில் ஈர நாய் மணம், புகையிலை மணம். இந்த வீட்டில் இரண்டுமே இல்லை.

இப்போதே அந்த விதவையிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். துவக்கை இரண்டு கையாலும் தூக்கினார். மரம் காய்ச்சல்காரனின் உடம்புபோலக் கொதித்தது. கையை எடுக்கப் பார்த்தார்.

எடுபடவில்லை.

வாசல் பூட்டில் திறப்பு திரும்பியது.

"இஞ்சேருங்கோ, வெள்ளனவே வந்திட்டன்."

குழாய் மெல்ல உயர்ந்தது. அவர் உயர்த்தவில்லை. வாசலை நோக்கித் திரும்பியது. அவர் திருப்பவில்லை. வராதையும் என்று கத்த வாயைத் திறந்தார். சத்தம் இல்லை.

குனிந்து பார்த்தார்.

மரப்பிடியில் அவருடைய விரல்கள். ஒவ்வொரு விரலுக்கும் இடையில் இன்னொரு விரல். வெளிறிய தோல். மஞ்சள் நகம். மூட்டுகளில் நரை மயிர்.

கதவு திறந்தது. அந்த விரல்கள் இறுகி, பிடியை முன்னுக்குத் தள்ளின.