மூன்றாவது பேனல்

இன்னும் ஒரு கம்பிகூட இணைக்காத மின்பேனலுக்குள்ளிருந்து அந்த முனகல் வந்தது.

மூன்றாவது பேனலை மாட்ட வந்த வேணு ஸ்பேனரும் கையுமாக நின்றான். ஆடிக் கிருத்திகை என்பதால் விசைத்தறிக் கூடத்துக்கு விடுமுறை. திருத்தணி மலைப்படிகளில் ஏறும் காவடிகளின் மேளம் தகரக் கூரையில் மோதி மங்க, எண்ணெயும் பஞ்சுத்தூளும் கலந்த புழுக்கத்தினூடே மயிர் கருகும் வாடை மெல்ல எழுந்தது.

பழைய இரண்டு பேனல்களை இணையாகச் சேர்த்தவன் அவன்தான். ஒன்று பழுதானால் மற்றது தாங்கும். தறிகள் கூடினால் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்க்கலாம். ஆனால் ஒன்றை அணைத்ததும் மற்றதிலிருந்து மின்சாரம் திரும்பி வராமல் தடுக்கும் பூட்டை அவசரத்தில் மாட்டாமல் விட்டிருந்தான். சித்திரையில் கூட்டாளி பங்காரு முதல் பேனலை அணைத்துவிட்டுத்தான் கை வைத்தான். இரண்டாவது அவனைக் கொன்றது. விசாரிக்க வந்தவர்களிடம், பங்காரு அணைக்க மறந்துவிட்டான் என்று வேணு சொன்னான். மறுநாள் யாருக்கும் தெரியாமல் பூட்டை மாட்டினான்.

பங்காருவின் மனைவி சுலோச்சனா இப்போது இங்கேதான் தறிக்கு நூல்தார் சுற்றுகிறாள். காலையில் கூடத்தைத் திறந்துவிட்டு அவனுக்கு டீ கொடுத்தவளும் அவள்தான். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாத்து செய்ங்கண்ணா. அவரு மாதிரி மறந்துடாதீங்க."

டீயைக் குடிக்காமல் ஓரமாக வைத்தான்.

வேணு இரண்டு பேனல்களும் அணைந்திருக்கின்றனவா என்று மறுபடி பார்த்தான். வெளியே போய்க் கம்பத்து ஃபியூசையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தான். டெஸ்டர் வைத்துப் பார்த்தான். எரியவில்லை.

முனகல் நிற்கவில்லை.

மூன்றாவது பேனலைத் திறந்தான். வெறும் தகரம். அதன் பின்னால் சுவர். ஆனால் இருட்டு, கிணறுபோல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அதிலிருந்து ஒரு கை நீண்டது. கருகிய விரல்கள். வேலையின் நடுவே ஸ்பேனர் கேட்பதுபோல் விரிந்த உள்ளங்கை.

பழக்கத்தில் கொடுத்துவிட்டான்.

உள்ளே நட்டு இறுகியது. கிர்ர். கிர்ர்.

கை மறுபடி நீண்டது.

"அவரு கைதான அது?" பின்னால், டம்ளரை எடுக்க வந்த சுலோச்சனா. அவள் குரலில் பயமே இல்லை. "எல்லாம் ஆஃப்லதான கீதுண்ணா?"

தொடாதே என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்பாள். அன்று நடந்ததையும் சொல்ல வேண்டிவரும். வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆங்," என்றான்.

அவள் அந்தக் கையைப் பிடித்தாள்.

இருபது தறிகளும் ஒன்றாக ஓடத் தொடங்கின. அவள் தலைமயிர் மெல்ல மேலெழுந்தது. இமைக்காமல் அவனைப் பார்த்தாள். அவளுடைய இன்னொரு கை, உள்ளங்கை விரிந்து, அவன் பக்கம் நீண்டது.