சமையலறைச் சுவரில் ஒரு மரங்கொத்தி

செவ்வாய்க் கிரகத்துத் தமிழ்க் குடியிருப்பில் காலையில் எழுந்ததும் எல்லாரும் விரலை நாக்கில் நனைத்துக்கொண்டு வீட்டின் வெளிச்சுவரை உள்ளிருந்தபடியே தடவிப் பார்ப்பார்கள். விரல் சில்லிட்டால் எங்கோ காற்று கசிகிறது என்று பொருள். சில்லிடாவிட்டால் காப்பி.

அந்தச் சுவர் மரம். இரும்பை உருக்கிச் சுவர் எழுப்பக் கட்டுப்படியாகாது என்று, விதையிலிருந்தே சுவராக வளரும் 'சுவர்மரம்' ஒன்றை விஞ்ஞானிகள் உருவாக்கியிருந்தார்கள். சுவரில் வண்டு விழுந்தது. வண்டைத் தின்னப் பூமியிலிருந்து மரங்கொத்திகளை வரவழைத்தார்கள். அவை வண்டுகளைத் தின்று தீர்த்துவிட்டு, ஈர்ப்பு குறைந்த ஊராகையால் கோழிப் பருமனுக்கு வளர்ந்து, குடியிருப்புக்குள்ளேயே காட்டுப் பறவைகளாகத் திரிந்தன. பொன் முதுகு, சிவப்புக் கொண்டை. ஒன்று கொத்தினால் மூன்றாம் வீட்டில் டம்ளர் ஆடும்.

தாண்டவராயன் ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒரே ஒரு மரங்கொத்திப் படத்துக்காக அலைந்துகொண்டிருந்தார். படம் எடுப்பது அங்கே பெரிய வித்தை இல்லை. எல்லார் கண்ணிலும் வில்லை பதித்திருந்தது. இடது இமையை அழுத்தி மூடினால் 'இமைப்படம்' விழும், நினைத்த மாத்திரத்தில் ஊரார் கண்களுக்கெல்லாம் போய்ச் சேரும். ஆனால் இவர் இமையை மூடித் திறப்பதற்குள் பறவை அடுத்த தெருவில் இருக்கும். அவரிடம் மிஞ்சியதெல்லாம் வெறும் கிளைகள். பக்கத்து வீட்டு ஜெபமணியோ, தன் தோளில் மரங்கொத்தி உட்கார்ந்திருக்கும் படத்தை ஊர் முழுக்க அனுப்பியிருந்தார்.

"அதென்ன அண்ணாச்சி, உங்களுக்கு மட்டும் கெளையாவே விழுது?" என்று பார்க்கும்போதெல்லாம் துக்கம் விசாரிப்பார்.

அன்று காலை மரங்கொத்தி ஒன்று தாண்டவராயனின் சமையலறைக்குள்ளேயே வந்து, வெளிச்சுவரைப் பற்றிக்கொண்டு கொத்தத் தொடங்கியது.

"என்னங்க, சுவத்தைத் தொளைக்குது. அடைப்பானக் கூப்பிடுங்க," என்றாள் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்த மனைவி குமுதவல்லி.

அடைப்பான்கள் என்பவை கசிவை அடைக்கும் ரோபோக்கள். அவை வந்தால் பறவை பறந்துவிடும்.

"இரு. அது கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பட்டும்."

"அந்தப் பக்கம் காத்தே கெடையாதுங்க."

"நம்ம காத்து எங்க போயிரப் போகுது?"

போனது. மரங்கொத்தி அலகை உருவியதும் துளையில் விசில் கிளம்பியது. அடுப்பிலிருந்த பாலின் ஆவி மேலே எழும்பாமல் சுவரை நோக்கிச் சாய்ந்தது. நாட்காட்டி ஆணியைப் பிய்த்துக்கொண்டு பறந்து துளையருகே ஒட்டிக்கொண்டது. பறவை திடுக்கிட்டு, கொண்டையைச் சிலிர்த்துத் தாண்டவராயனை நேருக்கு நேர் பார்த்தது. அவர் இமையை அழுத்தினார். கொண்டையின் இழைகளை எண்ணலாம், அப்படி விழுந்தது படம்.

முதலில் அதை ஊருக்கு அனுப்பினார். பிறகு அடைப்பானைக் கூப்பிட்டார்.

முதலில் வந்தது ஊர்தான். ஜெபமணி குடும்பத்தோடு முன்வரிசையில் நின்றார். எல்லார் இடது இமையும் படபடத்தது. காது அடைத்தது, மூச்சு முட்டியது; யாரும் நகரவில்லை. பறவையும் கழுத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக் காட்டியது.

அடைப்பான்கள் மூன்று, பசைத் தகரத்தோடு வந்து சேர்ந்தபோதுதான் தாண்டவராயனுக்கு உயிர் வந்தது. ஆனால் அவை, விபத்து நடந்த இடங்களில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று பல்லாண்டு பார்த்துத் தொழில் கற்றவை. முதல் அடைப்பான் தகரத்தைக் கீழே வைத்தது.

"கொஞ்சம் வெலகுங்க ஐயா, வெளிச்சத்த மறைக்கீங்க," என்று சொல்லித் தன் இடது இமையை மூடியது.

"ஓட்டைய அடைங்கய்யா மொதல்ல," என்றார் தாண்டவராயன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

"அடைச்சிருவோம் ஐயா. எங்க ஆளுங்க ரெண்டு பேரு இன்னும் வரல. அப்புறம் வருத்தப்படுவாங்க."

குமுதவல்லி பிசைந்த மாவை அப்படியே வாரி எடுத்து, ஜெபமணியை முழங்கையால் தள்ளி, பறவையை விரட்டிவிட்டு, துளையில் அறைந்தாள். விசில் நின்றது. எல்லாரும் மூச்சை இழுத்து விட்டார்கள்.

பாராட்டு எழவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் வேகத்துக்கு ஒரு இமையும் ஈடுகொடுக்கவில்லை.

முதல் அடைப்பான் பணிவாக முன்னே வந்தது. "பிரமாதம்மா. ஆனா யாருக்குமே சரியா விழல. அந்த மாவ எடுத்துட்டு, மறுபடி ஒரு தடவ வைங்க. மெதுவா."

குமுதவல்லி அதை ஏற இறங்கப் பார்த்தாள். நல்ல வசவு வரப்போகிறது என்று தாண்டவராயன் நிம்மதியாகக் காத்திருந்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். பிறகு இரண்டு விரல்களை மாவுக்குள் நுழைத்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"எந்தப் பக்கம் பாக்கணும்?"