மணியடிக்கும் முன் ஒரு கரகரப்பு

உலகத்தில் பேய் என்று ஒன்று இருக்குமானால் அதற்கு ஓர் அலைவரிசை இருந்தே தீர வேண்டும். அலைவரிசை இருந்தால் அது மீட்டரில் விழுந்தே தீர வேண்டும். பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூட விழவில்லை. ஆகவே பேய் இல்லை. இதை அவர் யாரையும் சிரிக்க வைப்பதற்காகச் சொன்னதே கிடையாது. குடியிருப்போர் கூட்டங்களில், கையில் கருவியோடு, தீர்ப்பு வாசிக்கிற முகத்தோடு சொல்வார். முன்வரிசையில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் தேநீர் எப்போது வரும் என்று பார்ப்பார்கள்.

செல்போன் கோபுரத்தால் தலை வலிக்கிறது, தூக்கம் வரவில்லை, ரோஜாச் செடி பூக்கவில்லை என்று யாராவது புகார் எழுதினால், அந்த வீட்டுக்குப் போய்க் கதிர்வீச்சை அளந்து, அனுமதித்த அளவில் நூறில் ஒரு பங்குகூட இல்லை என்று எண்ணைக் காட்டிக் கையெழுத்து வாங்கி வருவது அவர் வேலை. அலுவலகத்தில் அவருக்குப் பெயரே மீட்டர்தான். ஒரு தெருவே தலைவலி என்று திரண்டு வந்தபோது, அந்தக் கோபுரத்துக்கு இன்னும் மின் இணைப்பே கொடுக்கவில்லை என்று அவர் சொன்னார். "அப்போ குடுத்தா என்ன ஆகும்னு பாருங்க" என்றது தெரு. அன்றிலிருந்து மனித குலத்தின் மேல் அவருக்கு ஒரு பரிவு உண்டு.

அந்தப் பரிவில் பெரும்பங்கு மேல்மாடி கணக்கு வாத்தியாருக்குப் போயிற்று. ஓய்வுபெற்ற அந்த மனிதர் தினமும் பொழுது சாய்ந்ததும் தன் போனைப் பிரஷர் குக்கருக்குள் வைத்து, ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, மூடிவிடுவார். மீட்டர் அதை எல்லாக் கூட்டத்திலும் சொல்லிக் காட்டுவார். ஒருநாள் வாத்தியாரையே மாடிப்படியில் நிறுத்திச் சொன்னார்: "அடைச்சு வச்ச போன் அடங்காது சார். டவர் கிடைக்கலன்னு இன்னும் பலமா கத்தும். உங்களுக்குக் கேக்கலை, அவ்ளோதான்."

"எனக்குக் கேக்காம இருந்தா போதும்" என்றார் வாத்தியார்.

இது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று மாலை ஏழு பத்துக்கு மீட்டர் வீட்டுக் கூடத்தில் ஸ்பீக்கர் கரகரத்தது.

பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் அது. பாட்டு எதுவும் ஓடாவிட்டாலும் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பழைய நெட்வொர்க்கில் இருக்கும் போன் ஒன்று பக்கத்தில் இருந்தால், மணியடிப்பதற்கு இரண்டு நொடி முன்னால், அந்தப் போன் கோபுரத்தோடு பேசுகிற பேச்சு ஸ்பீக்கர் வயரில் சிக்கும். டட்-டட்-டட், டட்-டட்-டட், அப்புறம் ஒரு நீண்ட ட்ரர்ர்ர். கூட்டங்களில் அவர் வாயாலேயே செய்து காட்டுவார். யாருக்கோ அழைப்பு வருகிறது என்று அர்த்தம். கையெட்டும் தூரத்துக்குள் இருக்கிற யாருக்கோ.

மணி அடிக்கவில்லை. அவர் போன் சட்டைப்பையில் சும்மா இருந்தது. மனைவியின் போன் ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. ஸ்பீக்கருக்குப் பக்கத்து நாற்காலியில் அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கரகரப்பு நிற்கவில்லை, மணியடிக்கும்போது நின்றுவிடுகிற அது, யாரோ எடுத்துப் பேசும்போது மெல்லிசாகத் தொடர்வதுபோல, சன்னமாகத் தொடர்ந்துகொண்டே இருந்தது, கூடத்தில் பட்டாணித் தோலின் பச்சை வாசனையும் சுவர்க்கடிகாரத்தின் நடையும் அந்தச் சன்னமான இரைச்சலும் மட்டும் இருந்தன, அவள் விரல்கள் நின்றன, தலை இடப்பக்கம் ஒரு விரற்கடை சாய்ந்தது.

அவள் சிரித்தாள்.

அது அவருக்குத் தெரிந்த சிரிப்பு. கல்யாணத்துக்கு முன்னால், நிச்சயம் ஆகி எட்டு மாதம், தினமும் இரண்டு மணி நேரம் போனில் பேசியிருக்கிறார். அவள் எடுத்ததும் "சொல்லுங்க" என்பாள். கடைசி எழுத்தை இழுத்து விடுவாள். அந்த இழுவையில் சிரிப்பு இருக்கும். இப்போது அவர் கூப்பிட்டால் "என்ன, பால் வாங்கணுமா" என்றுதான் எடுப்பாள். அந்தச் சிரிப்பு வீட்டை விட்டுப் போய்ப் பத்து வருடம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். போகவில்லை. யாரிடமோ இருந்திருக்கிறது.

இரண்டாவது போன் ஒன்று இருக்கிறது. அவருக்கு வேறு விளக்கமே தோன்றவில்லை.

புதன், வியாழன், வெள்ளி. தினமும் ஏழு பத்து. தினமும் அதே நாற்காலி, அதே சாய்வு. அவள் குளிக்கப் போகிற நேரமாகப் பார்த்து அவர் வீட்டைத் தேடினார். அரிசி டப்பாவுக்குள் கைவிட்டார். துணி அலமாரியில் ஒவ்வொரு மடிப்பையும் தட்டிப் பார்த்தார். தேடியதில் காணாமல் போன மூன்று டப்பா மூடிகள், ஒரு கடிகாரச் சாவி, தான் தொலைக்கவில்லை என்று சாதித்த அலுவலக அடையாள அட்டை ஆகியவை கிடைத்தன. போன் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை அவர் தொழிலை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஏழு பத்துக்குக் கரகரப்பு தொடங்கியதும் தன் போனையும் அவள் போனையும் அணைத்துவிட்டு, மீட்டரை எடுத்துக்கொண்டு, ஏதோ பழுது பார்க்கிற பாவனையில் கூடத்தைச் சுற்றி வந்தார். ஜன்னல் பக்கம் ஒன்றுமில்லை. சுவரில் ஒன்றுமில்லை. அவள் மடியருகே எண் ஏறியது. தோளருகே இன்னும் ஏறியது. இடது காதருகே போனபோது, பதினாறு வருடத்தில் எந்த மொட்டைமாடியிலும் அவர் பார்க்காத ஓர் எண் வந்து நின்றது.

"என்ன, என் தலைல டவர் வச்சிட்டாங்களா?" என்றாள் அவள், நிமிராமலே.

இடது காது. இரண்டு வருடம் முன்பு ஒரு காய்ச்சலில் அந்தக் காது கேட்காமல் போயிற்று. அப்போதிலிருந்து காதுக்குப் பின்னால் வேர்க்கடலை அளவில், தோல் நிறத்தில், ஒரு கேட்கும் கருவி. அவர் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டிருந்தார். பார்த்ததும் ஆளும் கிடைத்துவிட்டான். கருவி பொருத்துகிறவன். மெத்தென்ற குரல், படிய வாரிய தலை. அவள் கன்னத்துக்கு அரையடி தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கேக்குதா, இப்போ கேக்குதா என்று கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். அதற்குள் ஏதோ வைத்து அனுப்பியிருக்கிறான்.

திங்கட்கிழமை சாயங்காலம் அலுவலகத்திலிருந்து நேராக அவன் கடைக்குப் போனார். போன்களால் காதுக் கருவிகளுக்கு வரும் இடையூறு பற்றி ஆய்வு என்று சொல்லிக்கொண்டார். அந்தப் பையன் அவரை அடையாளம் கண்டுகொண்டு மரியாதையாக உட்காரவைத்தான். அக்காவோட மாடலில் அழைப்பெல்லாம் எடுக்க முடியாது, வெளிச்சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்று ஒரு கருவியைப் பிரித்தே காட்டினான். அவர் ஒவ்வொரு பாகமாகப் பார்த்தார். பொய் சொல்கிற முகமாகவும் அது இல்லை. அது அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. கதவருகே வந்தபோது அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"அக்கா வந்து ஏழு மாசம் ஆச்சு சார். பேட்டரி ஒண்ணு பத்து நாள்தான் ஓடும். வேற எங்கயாவது வாங்குறாங்களா?"

அவள் வேறு எங்கும் வாங்குவதாக அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஏழு பத்துக்குச் சில நிமிடமே இருந்தது, அன்று அவள் இன்னும் குளித்து முடிக்கவில்லை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். கதவிடுக்கில் சோப்பின் வாசனை கசிந்து வந்து படுக்கையறை வரை பரவியிருந்தது, கூடத்தில் விளக்குப் போடாமல் தெருவெளிச்சம் மட்டும் நாற்காலியின் கால்களைத் தரையில் நீளநீளமாக இழுத்துப் போட்டிருந்தது, அந்த நிழல்களுக்கு நடுவில் ஸ்பீக்கரின் பச்சைப்புள்ளி இமைக்காமல் இருந்தது. நனையக்கூடாது என்று அவள் குளிக்கப் போகும்போது கழற்றி வைக்கிற இடத்தில், படுக்கையறைக் கண்ணாடி மேசை மேல், அந்தக் கருவி இருந்தது. காது வடிவத்துக்கு வளைந்த ஒரு சின்ன உடம்பு.

நகத்தால் அதன் அடிமூடியைத் திறந்தார்.

காலி. பேட்டரி இருந்த வட்டக்குழியில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது.

உள்ளங்கையில் அதை வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். ஏழு பத்து ஆவதற்காக நின்றார். இப்படி ஒருத்தியுடைய அழைப்புக்காகக் கடிகாரத்தைப் பார்த்து நின்ற பழக்கம் அவருக்கு முன்பு இருந்தது. அதை மறந்து ரொம்ப நாளாயிற்று.

டட்-டட்-டட்.

சட்டைப்பைப் போனை அணைத்தார். ஃபிரிட்ஜ் மேல் இருந்ததையும் அணைத்தார்.

டட்-டட்-டட். ட்ரர்ர்ர்.

ஸ்பீக்கரை விட்டு விலகினால் குறைந்தது. நெருங்கினால் கூடியது. கையில் இருந்தது லேசாகச் சூடாகியிருந்தது. பேசி முடித்த போனின் சூடு. காதின் சூடு.

பயந்தாரா என்றால், அப்போதும் முழுசாக இல்லை. பயத்துக்கு முன்னால் இன்னொன்று வந்து நின்றுகொண்டது. யார் அவன். என்ன பேசுகிறான். நான் பேசாத எதைப் பேசுகிறான்.

அதைத் தன் காதில் வைத்தார்.

முதலில் இரைச்சல். இரைச்சலுக்குப் பின்னால் ஒரு மின்விசிறி. இறக்கை ஒன்று உரசி, சுற்றுக்கு ஒரு தடவை டக் என்று சொல்கிற மின்விசிறி. அந்த விசிறி அவருக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் இருந்த வாடகை அறை. அதை அவர் கடைசிவரை சரிசெய்யவில்லை.

"சாப்பிட்டியாம்மா?" என்றது குரல்.

அவருடைய குரல். இருபத்தேழு வயதில் அவருக்கு இருந்த குரல். அவசரமே இல்லாத, இன்னும் இரண்டு மணி நேரம் கையில் இருக்கிற குரல். இன்றைக்கு என்ன நடந்தது என்று அது அவளுக்குச் சொல்லத் தொடங்கியது. வழியில் பார்த்த நாய், மேலதிகாரி தும்மியது, ஒன்றுமில்லாத விஷயங்கள். சொல்லச் சொல்ல அவருக்கே சிரிப்பு வந்தது. எவ்வளவு நன்றாகப் பேசுகிறான், படுபாவி.

குரல் நின்றது.

"ஹலோ?"

அவர் மூச்சை அடக்கினார்.

விசிறி. டக். டக்.

"யாருங்க அது?" என்றது அது. கோபம் இல்லை, தப்பான ஆளிடம் போன் போய்விட்டால் கேட்கிற மாதிரி, மரியாதையாக. "நீங்க யாருங்க? போனை அவகிட்ட குடுங்க."

பிடுங்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை. எறிந்தால் உடையும், உடைந்தால் அவள் கேட்பாள், கேட்டால் என்ன சொல்வது. அவர் கால்கள் சமையலறைக்குப் போயின. மேடையில் குக்கர் கழுவிக் கவிழ்த்திருந்தது. நிமிர்த்தினார். உள்ளே அதைப் போட்டார். எவர்சில்வரில் அது விழுந்த சத்தம் ஒரு பல் விழுந்த சத்தம்.

மூடினார். திறந்தார். ரப்பர் வளையத்தை விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தார், சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று. மறுபடி மூடினார். எடையையும் வைத்தார். மேல்மாடியில் ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரும் பார்க்கவில்லை.

அமைதி.

இரண்டு நொடி.

அப்புறம் கூடத்தில், பதினைந்து அடிக்கு அப்பால், ஸ்பீக்கர் அலறியது. மெல்லிசாக இல்லை. பச்சை விளக்கு நடுங்கியது. கண்ணாடி மேசையில் ஏதோ அதிர்ந்தது. தீ இல்லாத அடுப்புக்குப் பக்கத்தில், குக்கரின் எடை மெதுவாக ஆடத் தொடங்கியது.

அடைச்சு வச்சது அடங்காது சார். இன்னும் பலமா கத்தும்.

எடையைக் கையால் அழுத்தினார். உள்ளங்கை அதிர்ந்தது. அதிர்வில் சொல் இருந்தது. ஒரே சொல். அவள் பெயர். அவர் பத்து வருடமாகக் கூப்பிடாத செல்லப்பெயர்.

குளியலறைத் தண்ணீர் நின்றது.

தாழ்ப்பாள். ஈரக் கால்கள். ஒவ்வொரு அடியாக.

அவள் வாசலில் நின்றாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கருவியைத் தேடவில்லை. விளக்குப் போடவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு வரவில்லை. அவர் நின்ற இடத்துக்கு நேராக வந்தாள், அவர்தான் ஒதுங்க வேண்டியிருந்தது. குக்கரை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மடியில் வைத்தாள்.

குனிந்து, கேட்காத காதை மூடியோடு ஒட்டினாள்.

"சொல்லுங்க" என்றாள். கடைசி எழுத்தை இழுத்து.

எடை ஆடியது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை தலையசைத்தாள். ஒரு தடவை சிரித்தாள். அப்புறம் உள்ளே இருப்பது ஏதோ கேட்டிருக்க வேண்டும். அவள் நிமிர்ந்து சமையலறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். மேடை, அடுப்பு, ஜன்னல். ஜன்னலுக்கும் அவளுக்கும் நடுவில் அவர் நின்றுகொண்டிருந்தார். அவள் கண்கள் ஜன்னலைத்தான் பார்த்தன.

காதை மறுபடி மூடியில் சாய்த்துக்கொண்டாள்.

"இல்லைங்க, யாரும் இல்லை" என்றாள். "தனியாத்தான் இருக்கேன்."