மாடியில் கேட்கிறவன்

ஜெர்சனுக்கு வலது காது நாலைந்து நாளாகக் குடைந்துகொண்டிருந்தது. வலி தாடை வரைக்கும் இறங்கி, சோறு மெல்ல முடியவில்லை. தலையைச் சாய்த்தால் தண்ணீர் வடிந்தது. குளித்த தண்ணீர்தான் என்று துடைத்துப் போட்டான். துண்டு காய்ந்தபோது அந்த இடம் மட்டும் வெள்ளையாகப் பூத்து மொரமொரவென்று நின்றது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு.

செம்பாக்கம் வீட்டில் அவன் மட்டும்தான். மனைவி எப்சி ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். மழை பிடித்துக்கொண்டு, விளக்கு போடுகிற நேரத்துக்கு முன்னாலேயே இருட்டிவிட்டது. ஏரிப்பக்கமிருந்து தவளைச் சத்தமும் சாக்கடை வாடையும் ஜன்னல் வழியே ஏறி வந்தன. அப்போதுதான் குடையோடு வாசலில் வந்து நின்றாள் புஷ்பம். போன மாதம் விமானத்தோடு கடலில் விழுந்து செத்த சம்பத்தின் அம்மா.

"உள்ள வாங்கம்மா."

"வர்ல தம்பி. ஒரு வார்த்த கேட்டுட்டுப் போறேன். எம் புள்ள சொன்ன பேச்சக் கேக்காமதான் செத்தான்னு ஊரே சொல்லுது. அவங்கப்பா படத்துக்கு மால போட வுடமாட்றாரு. அடங்காதவனுக்கு இன்னாத்துக்கு மாலன்றாரு. நீ சொன்னத அவன் கேக்கலியா?"

ஜெர்சன் ஒரு பறக்கும் கிளப்பின் ரேடியோ அறைக்காரன். மேலே போகிறவர்கள் மழை எங்கே, காற்று எப்படி என்று கேட்டால் சொல்வது அவன் வேலை. அறையில் இரண்டு அலைவரிசை. பக்கத்தில் இருப்பவர்களுக்கு மேசைப் பெட்டி. அதைக் 'கீழ்' என்பார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு உயரக் கோபுரம் வழியாகப் போவது 'மாடி'. கூப்பிடுகிறவன் ஒன்றில் கூப்பிட்டு இன்னொன்றில் கேட்பான். எதில் கேட்கிறான் என்பதையும் சொல்லிவிடுவான். அதில்தான் பதில் போக வேண்டும்.

சொந்தக் காசில் விமானம் ஓட்ட லைசென்ஸ் எடுத்தவன் சம்பத். அன்றைக்குக் கடல் மேலிருந்து கூப்பிட்டான். "இன்னா ஜெர்சண்ணா, கோவளத்தாண்ட மேகம் எப்டி கீது? மாடில கேட்டுகினு கீறேன்."

கல் உடைக்கிற மெஷினில் கிடந்து செவிடான அப்பாவிடம் எதையும் பத்துத் தடவை கத்தியே வளர்ந்தவன் ஜெர்சன். ஒன்றை இரண்டாம் முறை சொல்வது என்றாலே அவனுக்கு எரிச்சல். "இடி மேகம், வராத, திரும்பிப் போ" என்று ஒரே தடவை சொன்னான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு டீக்குப் போனான். திரும்பி வந்து பார்த்தபோது சுவிட்ச் கீழில் இருந்தது. சொன்னது கடல் வரைக்கும் போயிருக்காது. யாரும் பார்க்கவில்லை. மாடிக்குத் தள்ளிவிட்டான்.

அறையில் இருந்த பதிவுக் கருவி அங்கே பேசுகிறவன் குரலை மட்டும்தான் பதியும், எந்த அலைவரிசையில் போனது என்பதைப் பதியாது. விசாரணையில் போட்டுக் காட்டினார்கள். குரல் தெளிவாக இருந்தது. "சொன்னேன் சார். அவரு கேக்கல" என்றான். பொய்யில்லை. காதில் விழவில்லை என்றும் அதற்குப் பொருள் உண்டு. பேச்சை மீறினான் என்று எழுதிக்கொண்டார்கள். அவன் திருத்தவில்லை.

"உன்னத்தான் தம்பி," என்றாள் வாசலில் நின்ற புஷ்பம்.

"கேக்கலம்மா."

புஷ்பம் தலையை ஆட்டிவிட்டு மழையில் இறங்கினாள்.

கதவைச் சாத்தியதும் ஃப்ரிட்ஜ் மேல் கிடந்த கை ரேடியோ கரகரத்தது. பேட்டரி கழற்றிப் பல நாள் ஆகிறது.

"இன்னா ஜெர்சண்ணா, டீக்குப் பூட்டியா?"

தண்ணீருக்குள்ளிருந்து வருகிற குரல். ஜெர்சன் அதைத் தலையணைக்கு அடியில் திணித்து, மேலே உட்கார்ந்துகொண்டான்.

"மாடில கேட்டுகினு கீறேன்."

தலையணைக்கு அடியிலிருந்து வரவில்லை. மேலேயிருந்து வந்தது. கூரைக்கு மேலே ஈரமான ஏதோ ஒன்று இழுபட்டு இழுபட்டு வந்து, சரியாக அவன் தலைக்கு நேரே நின்றது. பெட்ரோல் நாற்றம். அழுகிய வலை நாற்றம்.

எப்சி வந்ததும் தண்ணித் தொட்டி பார்க்க மாடிக்குத்தான் போவாள். அந்த ஒரு நினைப்பில்தான் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏறினான்.

படி வழுக்கியது. மணல். கடல் மணல்.

மொட்டை மாடி.

சம்பத் குப்புறக் கிடந்தான். ஒரு காதைத் தளத்தோடு அழுத்தியிருந்தான். வீட்டுக்குள் நடப்பதை ஒட்டுக்கேட்கிற மாதிரி. ஹெட்போன் வயர் கழுத்தைச் சுற்றியிருந்தது. டார்ச் பட்டதும் தலையைத் தூக்கப் பார்த்தான். தலை வந்தது. காது வரவில்லை. தோல் சிமென்டோடு ஒட்டி, இழுபட்டு நீண்டது.

"திரும்பிப் போ," என்றான் ஜெர்சன். "இடி மேகம். திரும்பிப் போ. திரும்பிப் போ."

அந்த முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அவன் கேட்பது அதையில்லை. ஒரு கண் மட்டும் மெல்ல உருண்டு கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போனது.

ஜெர்சன் எட்டிப் பார்த்தான். கீழே தெருவிளக்கு வெளிச்சத்தில் புஷ்பத்தின் குடை. ஆட்டோவுக்காக நிற்கிறாள். கூப்பிடு தூரம்தான்.

அம்மா, அவனுக்குக் கேக்கலம்மா. அவன் காதுல விழல. தப்பு என்னோடது.

வாய் திறந்தது. மூடியது.

ஆட்டோ வந்தது. குடை மடங்கியது. தெரு காலியானது.

சம்பத் மறுபடி தலையைக் கவிழ்த்தான். காதை அழுத்தினான். இன்னும் அழுத்தினான். எலும்பு நொறுங்கியது. கண் மட்டும் ஜெர்சனின் வாயை விட்டு நகரவில்லை.

சம்பத்தின் நல்ல பெயரைத் திருப்பித் தருகிற அந்த ஒரு பதில், ஜெர்சன் தரவேண்டியது, இன்னும் பாக்கி.