இரண்டாவது கருவி

புது லேப்டாப்பின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய தாளைத் தரகர் இன்னும் உரிக்கக்கூட இல்லை. அதற்குள், முதுகுக்குப் பின்னால் அலமாரி மேலிருந்த வைஃபை பெட்டியின் பச்சை விளக்கு, ஓடி வந்து நின்ற நாயின் விலா மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. யாரோ மும்முரமாக இணையத்தில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். வீட்டில் அவரைத் தவிர யாருமில்லை. அவர் கையில் இருப்பதோ பொத்தான் வைத்த பழைய போன். பேச மட்டும்தான் லாயக்கு.

‘இணைக்கப்பட்டது. இணையம் இல்லை’ என்றது திரை. வாசல்வரை கூப்பிட்டு உட்காரச் சொல்லாத உறவுக்காரன் மாதிரி.

மணி மூன்று இருபது. நாலு மணிக்குக் குடும்ப நீதிமன்றம், வீடியோவில். இரண்டு வாய்தாவுக்கு அவர் போகவில்லை. இன்றும் முகம் காட்டாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும். மனைவி எட்டு வயது மகளை அழைத்துக்கொண்டு கடல் தாண்டி அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். மதியமே போன் செய்து சொல்லியும்விட்டாள்.

“இன்னைக்காவது வருவீங்களா, இல்ல வழக்கம்போல ட்ராஃபிக்கா?”

“வீட்டுல உக்காந்திருக்கிறவனுக்கு என்ன ட்ராஃபிக்?”

“உங்களுக்குன்னா கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவுலயே ட்ராஃபிக் வருமே.”

வீட்டுத் தரகில் இருபத்திரண்டு வருடம். வாங்குகிறவனிடம் சுவர் கெட்டி என்றும், விற்கிறவனிடம் அதே சுவர் ஈரம் என்றும் ஒரே மத்தியானத்தில் சொல்லக்கூடிய நாக்கு அவருடையது. ஆனாலும் இந்த இரண்டாம் மாடி வீட்டில் கோட்டை விட்டுவிட்டாரோ என்று ஆறு நாளாக ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. சொன்ன வாடகையில் பாதியைக் கேட்டார், சண்டைக்குத் தயாராக. வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, வந்த டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். கேட்டவுடன் தலையாட்டுகிறவனிடம் எதையும் வாங்காதே என்பது தொழிலில் முதல் பாடம். ஆனால் குழந்தைக்குத் தனி அறை இருக்கிற வீடா என்று கோர்ட்டு கேட்டிருந்தது. அறை இருந்தது. அதில் மகளுக்கென்று ஒரு கட்டிலும், பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தையும் போட்டு, கதவைச் சாத்தி வைத்திருந்தார்.

இணையக் கம்பெனிக்குப் போன் போட்டார். பதினோரு நிமிடம் சங்கீதம் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

“எங்க பக்கம் லைன் சுத்தமா இருக்கு சார். உங்க வீட்டுல நல்லாத்தான் ஓடுது.”

“எங்கம்மா ஓடுது? இங்க நொண்டக்கூட இல்லையே.”

“உங்க லேப்டாப்ல இல்ல சார். இன்னொரு கருவி இருக்கே, அதுல. மொத்தத்தையும் அதுவே எடுத்துக்குது.”

அவள் சொல்லச் சொல்ல, வைஃபை பெட்டியின் உள் பக்கத்தைத் திரையில் திறந்தார். இணைந்திருக்கும் கருவிகள்: இரண்டு. முதலாவது அவருடைய லேப்டாப், சிக்னல் தொண்ணூற்றிரண்டு. இரண்டாவதற்குப் பெயர் போட வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. சிக்னல் நாற்பத்தொன்று.

“எண் ஏற ஏற, வைஃபை பெட்டிக்குப் பக்கத்துல இருக்குன்னு அர்த்தம் சார். நாப்பத்தொண்ணுன்னா ஒரு சுவர் தள்ளி இருக்கும். பக்கத்து வீடோ?”

தரகர் சுவர்களை எண்ணிப் பார்த்தார். வலப்பக்கம் மாடிப்படி. எதிரே தெருவும் பின்னால் காலி மனையும், வெறும் ஆகாசம். ஒரு சுவர் தள்ளி இருப்பது இடப்பக்கம் மட்டும்தான். மகளுக்காக வைத்திருக்கும் அறை.

“முன்னாடி இருந்தவங்க எதையாவது விட்டுட்டுப் போயிருப்பாங்கம்மா.”

“இருக்கலாம் சார். ஆனா லைன் குடுத்த ரெண்டு நாளா நிக்காம வீடியோ அனுப்பிட்டிருக்கே.”

“வீடியோ பாக்குதுன்னு சொல்லு.”

“இல்ல சார். அனுப்புது.”

‘நீக்கு’ என்ற பொத்தானை அழுத்தினார். இரண்டாவது வரி மறைந்தது. பின்னால் விளக்கின் துடிப்பு அடங்க, வீடே ஒருமுறை மூச்சை இழுத்துப் பிடித்தது போலிருந்தது. மின்விசிறியின் உரசல், குழாயில் எங்கோ இறங்கும் தண்ணீர், தெருவில் யாரோ ஷட்டரை இழுக்கும் கரகரப்பு எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. அந்த அமைதிக்குள், சாத்திய கதவுக்கு அப்பால், மெத்தையின் பிளாஸ்டிக் உறை நிதானமாகச் சரசரத்தது. கனமான ஒருவர் படுக்கையிலிருந்து எழுந்து உட்காரும்போது வருமே, அந்தச் சத்தம்.

இரண்டாவது வரி திரும்பி வந்தது. ஐம்பத்தெட்டு.

“பாஸ்வேர்டை மாத்துங்க சார்” என்றாள் அவள்.

மாற்றினார். மகள் பிறந்த தேதி, மணி, நிமிடம். உலகத்தில் வேறு யாரும் நிமிடம்வரை எண்ணி வைத்திருக்கமாட்டார்கள் என்ற தைரியம். லேப்டாப்பில் புதிய எண்களை அவர் அடித்து முடிப்பதற்குள், பெயரில்லாத வரி அவருக்கு முன்னாலேயே உள்ளே வந்து நின்றது. அறுபத்தாறு.

போனை மேஜையில் வைத்துவிட்டு எழுந்துபோய்க் கதவைத் தள்ளினார். வெயில் திரைச்சீலையில் வடிந்து மஞ்சளாகக் கிடந்தது. இஸ்திரிப் பெட்டியை ஈரத்துணி மேல் மறந்து வைத்த மாதிரி ஒரு வாசனை. கட்டிலுக்கு அடியில் பார்த்தார், அலமாரிக்குள் பார்த்தார், சுவரோரம் ஏதாவது ஒயர் ஓடுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. மெத்தையில் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்குப் பள்ளம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மேலெழுந்து நிரவியது.

திரும்பி வந்து போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுபத்தொன்பது.

“அறையில ஒண்ணுமில்லம்மா. வேற வழி என்னன்னு சொல்லு.”

“இப்பதானே சார் லைனை வைக்கச் சொன்னீங்க?”

“யாரு? நானா?”

“‘போதும்மா, நான் பாத்துக்கிறேன், வை’ன்னு. உங்க குரல்தானே சார் அது.” அவள் குரல் தேய்ந்தது. “இப்பவும் சொல்றீங்க. ரெண்டும் ஒரே நேரத்துல கேக்குது சார்.”

லைன் அறுந்தது.

மூன்று ஐம்பத்திரண்டு. படியிறங்கி எங்காவது ஓடி, கம்ப்யூட்டர் பிடித்து, உட்காருவதற்கு நேரமில்லை. தரகருக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். அதட்டலுக்கும் கெஞ்சலுக்கும் மசியாத குடித்தனக்காரர்களைக்கூட அவர் பேசியே காலி செய்ய வைத்திருக்கிறார். அறைப் பக்கம் திரும்பாமல், திரையைப் பார்த்தே பேசினார்.

“இங்க பாருங்க. யாரா வேணா இருங்க, எனக்கென்ன. ஒரே ஒரு மணி நேரம் எனக்கு விடுங்க. அப்புறம் ராத்திரி பூரா நீங்களே வச்சுக்குங்க.”

திரையில் எழுபத்தொன்பது அப்படியே நின்றது.

“சரி. அரை மணி.”

வாசனை மட்டும் நெருங்கியது.

எதிராளி வாயைத் திறக்காதபோது நாமே விலையை ஏற்றிவிடுவது கற்றுக்குட்டிகள் செய்யும் தப்பு. அதற்காக எத்தனையோ புதுத் தரகர்களை அவர் சந்தி சிரிக்க வைத்திருக்கிறார். மூன்று ஐம்பத்தேழு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மகள் இந்நேரம் தலைவாரி, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

“பாதிக்குப் பாதி. நீங்க வெளியே போக வேண்டாம். என் பேர்லயே இருந்துக்குங்க.”

அடையாளக் காகிதம் இல்லாத குடித்தனக்காரருக்குத் தன் பெயரிலேயே ஒப்பந்தம் எழுதி, உள்ளே விட்டுக் கமிஷன் வாங்குவது அவருடைய பழைய குறுக்குவழி. இதுவரை ஒருமுறைகூடக் கையைச் சுட்டதில்லை. வெறுமையாக இருந்த அந்தக் கட்டத்தில் தன் முழுப் பெயரையும், அப்பா பெயரின் முதலெழுத்தோடு, அடித்தார். ‘அனுமதி’யை அழுத்தினார்.

உடனே. ஒரு நொடிகூட யோசிக்காமல். இணையம் வந்துவிட்டது.

வீட்டுக்காரர் சாவியை வைத்ததும் இதே வேகத்தில்தான்.

பட்டியலைப் பார்த்தார். லேப்டாப், தொண்ணூற்றிரண்டு. அவர் பெயர் போட்ட வரி, தொண்ணூற்றேழு.

அவருக்கும் அலமாரிக்கும் நடுவில் இரண்டடிதான் இடம். நாற்காலியின் முதுகு வெதுவெதுப்பாக இருந்தது. திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை.

நீதிமன்றத்தின் இணைப்பைத் தொட்டார். ‘இந்தப் பெயரில் ஒருவர் ஏற்கெனவே வந்துவிட்டார். நீங்கள் பார்க்கலாம், பேச முடியாது.’

கட்டங்கள் திறந்தன. நீதிபதி அம்மா. குமாஸ்தா. மனைவி, பக்கத்தில் மகள், இரட்டைப் பின்னலோடு. நாலாவது கட்டத்தில் அவரே. அவர் சட்டை. அவர் மீசை. அவரைவிடத் தெளிவாக, வியர்க்காமல்.

“தகப்பனார் வந்துட்டாரா?” என்றார் நீதிபதி.

“வந்துட்டேங்கம்மா” என்றது அது. குரல் திரையிலிருந்தும் வந்தது. அவர் தலைக்குப் பின்னாலிருந்தும் வந்தது. “ரெண்டு தடவை வராதது என் தப்புதான். மன்னிக்கணும்.”

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். பதினோரு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. தரகர் கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். நாலு கட்டத்தில் ஒருவர்கூட இமைக்கவில்லை.

“நான் இல்ல! அது நான் இல்லம்மா!”

“குழந்தைக்குத் தனி அறை இருக்கா?”

“இருக்குங்கம்மா. கட்டில் போட்டாச்சு. நானே படுத்துப் பாத்தேன், நல்லாருக்கு.”

நீதிபதி எழுதிக்கொண்டார். நாளைக் காலை பத்து மணிக்குக் குழந்தையைத் தகப்பனார் வீட்டில் விட வேண்டும், இரண்டு நாள் அங்கே இருக்கட்டும் என்றார். மனைவி வாதாடவில்லை. மெல்லத் தலையாட்டினாள்.

மகள் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“அப்பா, உங்களுக்குப் பின்னாடி அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருக்கிறது யாருப்பா? ஏன் அப்படி ஆடுறாங்க?”

அந்தக் கட்டத்தில், சிரிக்கும் முகத்தின் தோளுக்கு மேலே, மேஜை முன்னால் ஒரு முதுகு தெரிந்தது. நனைந்த சட்டை. உச்சியில் சின்ன வழுக்கை.

“குடித்தனக்காரரு கண்ணு” என்றது அது. “இன்னையோட காலி பண்றாரு.”

மகள் சிரித்தாள். கையசைத்தாள். முகமும் சிரித்தது. அது மகளைப் பார்த்தபடியே இருந்தது, துளிகூட அசையவில்லை. கழுத்துக்குக் கீழே தோள்கள் மட்டும் திரும்பத் தொடங்கின. கால்வாசி. பாதி. முழுசாக.

நாற்காலியின் மேல் சட்டத்தில், தரகரின் இரண்டு காதுக்கும் பக்கத்தில், ஐந்தைந்தாக விரல்கள் வந்து உட்கார்ந்தன.