தீவுக்குப் பின்னால் கிடந்த கடல்

2006, ஜூலை. காலை ஆறு மணி. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில், ஆழ்கடல் படகின் ஐஸ் அறையிலிருந்து அஜித்தின் உடலை இறக்கினார்கள். இடுப்பில் கயிறு. அதன் மறுநுனி மழமழவென்று முடிந்திருந்தது.

"குடிச்சிருந்தான்க்கா. எழுந்து நின்னான், விழுந்துட்டான்," என்றான் தாய்மாமன் தட்சிணாமூர்த்தி.

முத்தம்மாள் இன்ஸ்பெக்டர் சுலோசனாவின் கையைப் பிடித்தாள். "எம்புள்ள குடிக்க மாட்டாம்மா. அந்தப் பேரோட அவன அடக்கம் பண்ண மாட்டேன்."

நாளாகிவிட்டது, பரிசோதனையில் குடி தெரியாது என்று டாக்டர் கைவிரித்தார்.

"எங்க விழுந்தான்?"

"அந்தமான் பக்கம் மேடம். ஆளில்லாத் தீவு. பெரிய படகு தூரத்துல நின்னுச்சு. நாங்க ரெண்டு பேரும் சின்னப் படகுல தீவுக்குப் பின்னாடி தூண்டில் போடப் போனோம்."

"அலை?"

"தீவு மறைச்சுக்கும்ல? குளம் மாதிரி கெடந்துச்சு. யார வேணா கேளுங்க."

கேட்டாள். துறைமுகமே தலையாட்டியது.

பத்து மணிக்கு சுலோசனா கருவடிக்குப்பத்தில், பொலினின் கணினி முன் இருந்தாள். தீவுகள் அலைகளை என்ன செய்கின்றன என்று செயற்கைக்கோள் ரேடார் படங்களில் ஆராயும் பிரெஞ்சுக்காரி அவள். அஜித் விழுந்த நாளன்று காலை எடுத்த படம் அதிர்ஷ்டவசமாக அவளிடம் இருந்தது.

"மேகமா இருந்திருக்குமே, மதாம்?"

"ரேடாருக்கு மேகம் ஒரு பொருட்டே இல்ல. இந்தக் கோடுங்க அலை. தீவுல முட்டி, ரெண்டு பக்கமும் வளைஞ்சு வருது பாருங்க."

"பின்னாடி?"

"கரைய ஒட்டி அமைதி. கொஞ்சம் தள்ளிப் போனா ரெண்டும் மோதிக்கும், வலைக்கண்ணு மாதிரி. உங்க ஆளுங்க எங்க இருந்தாங்க?"

சின்னப் படகு போட்ட தூண்டிலின் மிதவை கிடந்த இடத்தைப் பெரிய படகின் ஜி.பி.எஸ். குறித்திருந்தது. சுலோசனா விரல் வைத்தாள். வலைக்கண்ணின் நடுவில்.

மாலை நான்கு மணி. ஸ்டேஷன் மேசைமேல், முடிச்சோடு கழற்றிய கயிறு. எதிரே அக்காவும் தம்பியும்.

"குளம் மாதிரி கடல்ல யாருங்க இடுப்புல கயிறு கட்டிக்குவா?"

சுலோசனா கயிற்றின் மறுநுனியை அவன் பக்கம் திருப்பினாள்.

"அலை ரெண்டு பக்கமும் அடிச்சுது. அஜித் விழுந்தான். படகுல கட்டின கயிறு அவனோட படகையும் சேத்து இழுத்துது. படகு சாஞ்சு தண்ணி ஏறுச்சு. தானா அறுந்த கயித்துல பிசிறு இருக்கும். இது கத்தி வெட்டு. படகுல நீங்க ஒருத்தர்தான்."

"வேணாம் மாமான்னான்," தட்சிணாமூர்த்தி அக்கா பக்கம் திரும்பினான். "தீவுக்குப் பின்னாடி ஏதுடா அலைன்னு நான்தான் கூட்டிட்டுப் போனேன். வெட்டலன்னா ரெண்டு பேரும் போயிருப்போம்க்கா."

"குடிக்கலல்ல?" என்றாள் அக்கா.

"ஒரு சொட்டு இல்ல."

முத்தம்மாள் கயிற்றை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இந்த முடிச்சு யார் போட்டது?"

"நான்தான்க்கா. அலை ஏறுச்சு. புள்ள விழுந்துடக் கூடாதேன்னு..."

அவள் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். உப்பில் இறுகிக் கிடந்தது. வரவில்லை.